பிடித்து வைத்த இடம்

கொழும்பில் கார்த்திகன் போகாத சில இடங்கள் இருந்தன. யாரும் தடுக்கவில்லை, யாரோடும் பகையுமில்லை. அங்கே கால் வைத்தால் அடிவயிறு கழன்று கீழே இறங்கும், அவ்வளவுதான். ஹெவ்லொக் டவுனில் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் மாடிப்படி திரும்புகிற இடம்தான் முதலாவது. சின்ன வகுப்பில் ஒருநாள் அங்கே நின்று அழுதான். வாத்தியார் காரணம் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. காரணமில்லாமல் அழுததற்காக இரண்டு அடி விழுந்தது. பிறகு களனி ஆற்றங்கரையில் ஒரு படித்துறை. பிறகு புதுக்கடையில், சட்டத்தரணிகளின் கிளார்க்மார் சாப்பிடுகிற கடையொன்றில், கை கழுவும் மூலை. சோறு தின்றுவிட்டு அந்த மூலைக்குப் போனவன் கழுவாமலே திரும்பி வந்து, பத்திரிகைத் துண்டில் குழம்புக் கையைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

இந்த இடங்களில் யாரும் செத்ததாக அவன் கேள்விப்படவில்லை. இருட்டில்லை, நாற்றமில்லை. பயப்பட எதுவுமே இல்லாத இடங்கள். பயம் மட்டும் இருந்தது. இடம் அவனை விரட்டியிருந்தாலும் பரவாயில்லை. விரட்டவில்லை. பஸ் யன்னலால் லேஞ்சியை, கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைப்பார்களே, அப்படி அந்த இடம் அவனுக்கென்று பிடித்து வைக்கப்பட்டிருந்தது. வந்து இருக்க வேண்டியதுதான் பாக்கி.

இதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குள் சொன்னது அடுத்த வீட்டுக்குப் போகக் கோயில் திருவிழா வரை காத்திருக்காது. பெடியனுக்கு மண்டையில் ஏதோ பிழை என்று ஒரு பேச்சு எடுபட்டால், கலியாணச் சந்தையில் படிப்பு, உத்தியோகம், நிறம் எல்லாவற்றையும் அது தின்றுவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு வளர்ந்தான். வளர்ந்து, ஒரு காப்புறுதிக் கம்பனியில் இழப்பீட்டுப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தான். கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் அத்தாட்சி கேட்பது அவன் வேலை. அத்தாட்சி இல்லாத கஷ்டம் கஷ்டமே இல்லை என்று எழுதுவதில் அவனுக்கு நல்ல பெயர்.

நாலாவது இடம் அவனுடைய சொந்த வீட்டுக்குள் இருந்தது. அதைத் தெரிவு செய்தவனும் அவன்தான்.

அது கலியாணம் பேசிய காலம். தாய் சரோஜினிதேவி பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷனை முன்பே சுடலைக்கு அனுப்பிவிட்டவள். சீதனம் என்று அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. வெள்ளவத்தையில், கடல் தெரிகிற மாதிரி ஒரு பிளாட், பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும் என்றாள். அதைச் சொன்ன விதத்தில் தான் ஏதோ விட்டுக்கொடுப்பது போல இருந்தது. பெண் நிருஷாவின் தகப்பன் சிவபாலனுக்கு மனைவி இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீடு இருந்தது. அவர் பிறந்தது, மனைவியைச் சுடலைக்குத் தூக்கிப் போனது எல்லாம் அந்த வீட்டில். அதை விற்றார். அதே ஒழுங்கையில் ஒருவருடைய வீட்டுப் பக்கவாட்டு அனெக்ஸில் வாடகைக்குப் போய் இருந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு எந்த வீடு பிடிக்கிறதோ அது தனக்குச் சரி என்றார். வீடு பெண்ணுக்கு, தெரிவு மாப்பிள்ளைக்கு. அதுதான் வழக்கம்.

ஹுசைன் என்ற தரகர் அவர்களை ஆறாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சரோஜினிதேவி நேரே பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் வீடு அவளுடையதாகிவிட்டது. கார்த்திகன் பின்பக்கம் போய், குசினிக்கு அப்பால் வேலையாளுக்கென்று கட்டியிருந்த சின்ன அறையின் கதவைத் திறந்தான். புதுச் சுவர், புதுத் தரை, காற்றுக் குழியைப் பார்த்த ஒரு சின்ன யன்னல். உள்ளே ஓர் அடி வைத்தான். லேஞ்சி போட்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. பின்னால் சிவபாலன் வந்து நின்று, "எப்பிடித் தம்பி, பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார். முகத்தில் அப்படியொரு நம்பிக்கை. இல்லை என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்பதற்கு அவனிடம் அன்று வாத்தியாருக்குச் சொன்ன பதில்தான் இருந்தது.

"ஓம் மாமா. வசதியான வீடு."

கீழே இறங்கியதும் ஹுசைனைத் தனியே கூப்பிட்டு, கட்டிடத்துக்கு முதல் இந்தக் காணியில் என்ன இருந்தது என்று விசாரித்தான். ஹுசைன் சிரித்தார்.

"ஒரு பழைய பங்களா ஈந்திச்சு தம்பி, ஒரு ஜம்பு மரம் ஈந்திச்சு. மௌத்து, சாவு ஒண்ணும் இல்ல. எல்லாரும் கேக்கிறதானே."

கலியாணம் முடிந்து பால் காய்ச்சி, தாயோடு குடி வந்தார்கள். பின் அறையில் பெட்டிகளும் அரிசி மூட்டையும் கலியாணத்துக்கு வந்த குத்துவிளக்குகளும் போய்ச் சேர்ந்தன. கார்த்திகன் அந்தப் பக்கம் போகமாட்டான். நிருஷா வங்கியில் வேலை செய்கிறவள், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டாள். சரோஜினிதேவி அறை வாசலில் நின்று, அதை எடு, இதை அங்கே வை என்று மருமகளை ஏவுவாள். எந்த வேலையையும் வாசலில் நின்று ஏவுகிறவள் அவள். இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு வீட்டுக்குள் ஓர் அறையை ஒதுக்கி வாழ்வது பெரிய காரியமில்லை. மனிதர்கள் இதைவிடப் பெரியவற்றை ஒதுக்கிவிட்டு வாழ்கிறார்கள்.

பிறகு நேசம் வந்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். நாற்பது வயது, குள்ளம், கறுப்பு, பேச்சுக் குறைவு. வந்த அன்றே சரோஜினிதேவி அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பின் அறையைத் துப்புரவாக்கிக் கட்டில் போட்டு, ஃபான் பூட்டிக் கொடுத்தார்கள். நல்ல வேலைக்காரி. ஒரு குறைதான்: காலையில் எழும்பிப் பார்த்தால் குசினித் தரையில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் சுருண்டு கிடப்பாள்.

முதலில் வெக்கை என்றாள். பிறகு நுளம்பு என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார்த்திகன் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருக்க, சரோஜினிதேவி அவளை மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்து விசாரித்தாள். உப அதிபர் விசாரணை. நிருஷா கொட்டாஞ்சேனைக்குத் தகப்பனைப் பார்க்கப் போயிருந்தாள்.

"லயத்திலை பத்துப் பேரோடை கிடந்தவளுக்குத் தனி அறை குடுத்தால் நித்திரை வரேல்லையாம். என்ன, உள்ளுக்குப் பேய் நிக்குதோ?"

நேசம் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். "பேயெல்லாம் இல்லீங்க பெரியம்மா. அங்க ஒண்ணுமே இல்ல."

"அப்ப?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே எனக்குன்னு எடம் புடிச்சு வச்ச மாதிரி இருக்குங்க. வந்து சேருன்னு."

கார்த்திகனின் கை தட்டில் நின்றது. முப்பத்தெட்டு வயது வரை அவன் தலைக்குள் மட்டும் இருந்த சொல் இன்னொரு வாயிலிருந்து வந்து மேசையில் விழுந்திருந்தது. அவனுக்கு வந்தது பயமில்லை. சந்தோஷம். எழும்பி அவள் கையைப் பிடித்து, உனக்கு வேறு எங்கே எங்கே இப்படி வரும் என்று கேட்க வேண்டும் போல, கண் கலங்கிவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்குச் சந்தோஷம். தான் பைத்தியமில்லை. அல்லது பைத்தியம் தான் ஒருவன் மட்டுமில்லை.

சரோஜினிதேவி மகன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ போய் உள்ளுக்கு நிண்டு பாத்திட்டு வந்து சொல்லு. நான் சொன்னால் அநியாயம் எண்டுவாள். நீ படிச்சவன்."

அவன் போனான். கதவைத் திறந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றான். இரண்டு வருஷமாக அந்த இடம் பொறுமையாக இருந்திருக்கிறது. செருப்பில்லாத கால் விரல்கள் தரையைப் பிடித்துக்கொண்டன. நேசம் கதவடியில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவன் உண்மை சொல்வான் என்று நிச்சயமாக நம்புகிறவர்களின் ஆறுதல்தான் இருந்தது.

ஒரு சொல் போதும். ஓம் அம்மா, எனக்கும்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. அப்போ வீடு பார்க்க வந்த அன்று ஏன் சொல்லவில்லை? இதற்காகவா சிவபாலன் வீட்டை விற்றார்? எப்போதிருந்து உனக்கு இப்படி? பெண் வீட்டுக்கு இதைச் சொன்னீர்களா?

மேசைக்குத் திரும்பி வந்து இருந்தான்.

"ஒண்டுமில்லை அம்மா. கொஞ்சம் பெயின்ற் மணம். அவ்வளவுதான்."

நேசம் அவனைப் பார்த்தாள். அவன் சம்பலைக் கேட்டு வாங்கினான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரோஜினிதேவி பாடத்தை முடித்து வைத்தாள். பயம் தெளிய வேண்டுமென்றால் பயந்த இடத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது அப்படித்தான் என்றாள். நேசத்தை உள்ளே போய்க் கட்டிலில் இருக்கச் சொன்னாள். கதவுக்கு வெளியே ஒரு கொண்டி இருந்தது. அதைப் போடச் சொல்லி மகனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் போட்டான். கொண்டி புதியது, இன்னும் இறுக்கம். இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

முதலில் கதவில் தட்டும் சத்தம் கேட்டது, மரியாதையான தட்டல், வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல. பிறகு உள்ளங்கையால் அடித்தாள். பிறகு, ஐயா, ஐயா என்றாள். பெரியம்மாவைக் கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்தவனைத்தான் கூப்பிட்டாள். கார்த்திகன் தொலைக்காட்சியில் கிரிக்கெட் சத்தத்தைக் கூட்டினான். தாய் பல்கனியில் இருந்து பத்திரிகை வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் சத்தம் ஏன் நின்றது என்று அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் ஓர் எல்லைக்குப் பிறகு கத்த வராது.

பின்னேரம் நிருஷா வந்தாள். நேசம் எங்கே என்று கேட்டதற்கு, தியானத்தில் இருக்கிறாள் என்று மாமி பகிடி விட்டாள். நிருஷா போய்க் கொண்டியை இழுத்தாள். நேசம் கட்டில் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சேலை நனைந்திருந்தது, கட்டிலும், கீழே தரையும். அவள் இறங்கி வந்து, வாளியும் துணியும் எடுத்து, தன் ஈரத்தைத் தானே துடைத்தாள். பிறகு குளித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்தாள்.

அன்று படுக்கையில் நிருஷா அவனிடம் கேட்டாள், உண்மையில் அந்த அறையில் ஒன்றுமில்லையா என்று. ஒன்றுமில்லை என்றான். இரண்டாம் தடவை சொல்ல இன்னும் லேசாக இருந்தது.

சில நாள் கழித்து மொட்டைமாடியில், அவன் சிகரெட் பற்றவைக்கப் போன இடத்தில், நேசம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப்புகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் குத்திக்கொண்டே பேசினாள்.

"ஐயாவுக்கும் தெரியும்தானே."

"என்ன தெரியும்?"

"அங்க நின்னப்போ கால் வெரல மடக்கிக்கிட்டு நின்னீங்க. நானும் அப்பிடித்தாங்க நிப்பேன். தரை இழுக்குற மாதிரி இருக்கும்." அடுத்த கிளிப்பை எடுத்துக்கொண்டு, "பெரியம்மாக்கிட்ட சொல்ல வேணாம். என்கிட்ட மட்டும் ஓம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும், நான் அங்கயே படுத்துக்கிறேன்."

கேட்டது அவ்வளவுதான். செலவில்லாதது. மொட்டைமாடியில் வேறு ஒருவரும் இல்லை. கீழே கரையோர ரயில் போய்க்கொண்டிருந்தது. தன்னுடைய வாழ்நாள் முழுக்க எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தானோ அதே சொல்லைத்தான் இவள் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கியது. விளங்கியதால்தான் கோபம் வந்தது. வேலைக்காரி ஒருத்தி தன் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டாள்.

"இப்பிடிப் பைத்தியக் கதை கதைச்சுக்கொண்டு திரிஞ்சால் உன்னை அங்கொடை விசர் ஆஸ்பத்திரியிலைதான் கொண்டுபோய் விடவேணும்" என்றான். "அங்கை நிறையப் பேர் இருப்பினம், உன்னை மாதிரி. ஆளுக்கொரு இடம் பிடிச்சு வைச்சிருப்பினம்."

அவள் கடைசிக் கிளிப்பைக் குத்திவிட்டு, வெறும் வாளியோடு இறங்கிப் போனாள். அன்று முதல் பின் அறையில்தான் படுத்தாள். கொண்டி போட வேண்டிய தேவை இருக்கவில்லை. மெலிந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்தது. சரோஜினிதேவி வருகிறவர்களுக்கெல்லாம், வேலைக்காரரைப் பழக்குகிற விதத்தில்தான் இருக்கிறது என்று சொன்னாள்.

ஆனி மாதத்தில் ஒரு காலை சரோஜினிதேவி குளியலறையில் விழுந்தாள். பாரிசவாதம். வலது பக்கம் போனது, பேச்சு போனது. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பிள்ளை பொறுமைசாலி. ஓம் என்றால் கண்ணை ஒருதரம் மூடித் திறவுங்கோ, இல்லை என்றால் பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கோ என்று பழக்கிவிட்டாள். சரோஜினிதேவி உடனே பிடித்துக்கொண்டாள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவளுடைய நிலைமையில் அது சந்தோஷப்படக்கூடிய விஷயமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அலுமாரித் திறப்பு நிருஷாவின் கைக்கு வந்தது. முதல் வேலையாக நேசத்தின் அடையாள அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். போகிறதென்றால் போகலாம், நிற்கிறதென்றால் இனி ஹோலில் பாய் போட்டுப் படுக்கலாம் என்றாள். நேசம் அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, நிற்கிறேன் என்றாள். மாமி இல்லாத வீட்டில் நிருஷா இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது போலக் கார்த்திகனுக்குப் பட்டது.

மாமியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முதல் நாள், பின்னேரத் தேத்தண்ணி மேசையில் நிருஷா கதையைத் தொடங்கினாள். கொட்டாஞ்சேனை அனெக்ஸ்காரரின் மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், தகப்பனை எழும்பச் சொல்லிவிட்டார்கள். இங்கேதான் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன், மாமியின் அறையைக் கொடுக்கப்போகிறேன் என்றாள்.

"அப்ப அம்மா?"

"பின் அறை. குளியலறை பக்கத்திலை, நேசத்துக்கும் பாக்கச் சுகம். ராவிலை நீங்கள் அங்கை படுங்கோ. மகன்தானே."

கார்த்திகன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தான். "அதுக்குள்ளை அம்மாவை விட ஏலாது."

"ஏன்?"

"காத்து வராது."

"நேசத்துக்குக் காணும் எண்டு மாமிதானே சொன்னவ."

"அதுக்கில்லை." கோப்பையின் காதைத் திருப்பினான். "அந்த அறை..."

நிருஷாவின் குரல் உயரவில்லை. வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களோடு கதைக்கிற அதே குரல்.

"அந்த அறைக்கு என்ன? சொல்லுங்கோ. அப்பா பிறந்த வீட்டை வித்தது இதுக்குத்தான். இதிலை ஒரு அறை மனிசர் இருக்க ஏலாத அறையெண்டு தெரிஞ்சுகொண்டே நீங்கள் ஓம் எண்டனீங்களோ? அப்பிடியெண்டால் அதையே சொல்லுங்கோ. நாளைக்கு அப்பா வருவார். அவருக்கும் சொல்லுவம்."

குசினிக்குள் நேசம் பாத்திரம் கழுவுவது நின்றிருந்தது. குழாய் மூடியிருந்தது. அவன் ஒரு சொல் சொன்னால் தாய் தப்புவாள், தானும் தப்புவான். சொல்லிவிட்டால் அந்த மேசையில் அவனுக்குப் பெயரில்லை. கிழவரின் வீட்டைத் தின்றவன். கல்லூரி போன பைத்தியம். சேலை நனைய ஒரு மனுஷியைத் தெரிந்துகொண்டே பூட்டி வைத்தவன். தொண்டை வரை வந்ததைத் தேத்தண்ணியோடு விழுங்கினான்.

"ஒண்டுமில்லை" என்றான். "உன்ரை விருப்பம்."

குழாய் திறந்துகொண்டது.

மறுநாள் பின்னேரம் சரோஜினிதேவியைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டில் கொண்டுவந்தார்கள். சிவபாலன் காலையிலேயே வந்துவிட்டார்; அவருடைய இரண்டு சூட்கேஸும் மனைவியின் படமும் ஏற்கனவே முன் அறையில் இருந்தன. கார்த்திகன் நாற்காலியைத் தள்ளினான். ஹோலைத் தாண்டும்போது தாயின் கண்கள் தன் அறைக் கதவைப் பார்த்தன, பிறகு அவனைப் பார்த்தன. அவன் நிற்காமல் தள்ளினான். குசினியைத் தாண்டினார்கள். நேசம் முன்னால் போய்ப் பின் அறைக் கதவைத் திறந்து பிடித்தாள்.

வாசலில் நாற்காலி நின்றுவிட்டது. சில்லு எதிலோ தடுக்கியது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தள்ளினான். அசையவில்லை. குனிந்து பார்த்தான். சரோஜினிதேவியின் இடது கை, நல்ல கை, கதவு நிலையைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. வாய் கோணித் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த இரண்டு வருஷத்தில் அம்மா இந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வாசலில் நின்றே எல்லாம். நேசத்தை விசாரித்த அன்றும் எழும்பிப் போய்ப் பார்க்காமல் மகனை அனுப்பினாள். நேசத்தை உள்ளே வைத்துப் பூட்டியது பயம் தெளிவதற்காக இல்லை. யாரோ ஒருவர் போய் இருந்துவிட்டால் அந்த இடம் நிரம்பிவிடும் என்று நினைத்திருக்கிறாள். வீட்டுக்குள் தன்னைப் போல ஒருத்தி. பெற்றவள். முப்பத்தெட்டு வருஷம் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, இருவரும் ஆளுக்காள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"ஏன் தம்பி," பின்னால் சிவபாலன் கவலையோடு கேட்டார், "சம்பந்தியம்மாவுக்கு இந்த அறை விருப்பமில்லையோ? அப்பிடியெண்டால் நான் இதிலை இருக்கிறன். எனக்கென்ன, ஒரு கட்டில் காணும்."

நல்ல மனிதர். அவர் கடைசிக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நிருஷா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். நேசம் கதவைப் பிடித்தபடி அவன் கால்களைப் பார்த்தாள்.

"அது வருத்தம் மாமா" என்றான் கார்த்திகன். "கை தன்ரைபாட்டிலை பிடிக்கும். டொக்டர் சொன்னவர்."

முன்னால் வந்து குந்தி, தாயின் விரல்களை நிலையிலிருந்து கழற்றினான். சின்ன விரலிலிருந்து தொடங்கினான். ஒன்றைக் கழற்றி அடுத்ததற்குப் போக, முதலாவது திரும்பவும் போய்ப் பிடித்தது. படுத்த கிழவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. கடைசியில் கழற்றியவற்றை ஒரு கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு பெருவிரலை மறு கையால் நெம்ப வேண்டியிருந்தது. நகம் ஒன்று பெயின்றைச் சுரண்டிக்கொண்டு வந்தது. நாற்காலி ஒரு துள்ளலோடு உள்ளே போனது.

கட்டிலில் ஏற்றி, தலையணை வைத்து, ஃபானைப் போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். முன் அறையில் சிவபாலன் தன் சேர்ட்டுகளைக் கொழுவிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நேசம் ஹோலில் பாயை உதறிப் பார்த்து மடித்து வைத்தாள். பின்னேரம் முழுக்கத் தாய்க்குச் சூப் பருக்கியதும் துடைத்ததும் அவள்தான். குறை சொல்ல முடியாத மாதிரி, மிருதுவாகச் செய்தாள். செய்து முடித்துவிட்டுக் கார்த்திகனிடம் வந்து, "இனி ஐயா போங்க" என்றாள்.

மைம்மல் நேரம். கடல் பக்கத்திலிருந்து வந்த கடைசி வெளிச்சம் குசினி வரைக்கும்தான் வந்தது. அவன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்தான் பாய் விரிக்க இடம் இருந்தது. விரித்து, அதில் இருந்தான். அடிவயிறு இறங்கியது. இறங்கி, இந்த முறை திரும்பி ஏறவில்லை.

தாய் தலையைச் சரித்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வடிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அது அழுகையா நோயா என்று கேட்டால் டொக்டருக்கும் சொல்லத் தெரியாது. கார்த்திகன் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பி, அவள் முகத்துக்குக் கிட்டப் போனான். வாழ்நாளில் ஒருமுறையாவது இதைக் கேட்டுவிட வேண்டும். அறைக்குள் வேறு ஒருவரும் இல்லை. கேட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

"அம்மா," என்றான், மிக மெதுவாக. "எனக்குச் சின்னனிலை இருந்து இப்பிடி வாறது. உங்களுக்கும்தானோ?"

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். எல்லாம் விளங்கிய, தெளிவான, உப அதிபரின் பார்வை. கண் இமை ஒருதரம் துடித்தது. மூடப்போகிறாள் என்று நினைத்தான். பெற்றவளிடமிருந்து ஓம் என்ற அந்த ஒன்றுக்காக, குனிந்து நின்றான்.

சரோஜினிதேவி பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.